மனாவுஸ் ஒப்பரா அரங்கம்: காட்டுக்குள் எப்படி வந்தது, ஏன் வெறிச்சோடியது?

கட்டடக்கலை மாணவன், கோயம்புத்தூர்

வணக்கம். 19ஆம் நூற்றாண்டு அரங்குகளைப் பற்றிப் படித்து வருகிறேன். பிரேசிலில் அமேசான் காட்டின் நடுவே, மனாவுஸ் நகரில் இருக்கும் தெயாத்ரோ அமசோனாஸ் என்னை விடமாட்டேன் என்கிறது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, அன்றைக்கு ஆற்றுவழியே மட்டும் போகக்கூடியதாயிருந்த ஊரில் ஒப்பரா (இசை நாடக) அரங்கம் கட்ட யாரிடம் பணம் இருந்தது? அரங்கத்தின் முன் ரப்பர் பாதை போட்டிருந்தார்களாமே, உண்மையா? பிறகு ஏன் பல பத்தாண்டுகள் அங்கே ஒப்பராவே நடக்கவில்லை?

மேடை அமைப்பாளர், சென்னை

1881இல் திட்டம் எழுந்தது, 1884இல் வேலை தொடங்கியது, 1896 டிசம்பர் 31 அன்று திறப்பு விழா. 1897 ஜனவரி 7 அன்று முதல் ஒப்பரா: பொங்கியெல்லியின் 'லா ஜொகொண்டா'. நடுவில் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன வேலையை முடுக்கிவிட்டவர் ஆளுநர் எதுவார்து ரிபெய்ரோ. பளிங்கு இத்தாலியிலிருந்தும், குவிமாடத்தின் 36,000 ஓடுகள் பிரான்ஸ் எல்லையோர அல்சாஸ் பகுதியிலிருந்தும் கப்பலில் வந்தன. பார்வையாளர் கூடத்தின் விதானத்தை அண்ணாந்து பார்த்தால் ஈபிள் கோபுரத்துக்கு அடியில் நிற்பதுபோல் தீட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது திரைச்சீலை. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தை ஓவியமாகக் கொண்ட அந்தச் சீலை சுருட்டப்படாமல், முழுசாகக் குவிமாடத்துக்குள் ஏறிவிடும். குவிமாடம் அத்தனை உயரமாக இருப்பது வெறும் அழகுக்காக அல்ல.

தோட்டத்துப் பிள்ளை, ஈப்போ

தம்பி, பணம் யாரிடம் இருந்தது என்று கேட்டாய். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் அம்மா மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்.

அந்த அரங்கம் முழுக்க முழுக்க ரப்பர் பணம். 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகு மிதிவண்டிக்கும், பின்னர் காருக்கும் ரப்பர் வேண்டியிருந்தது. அன்றைக்கு உலகத்தின் நல்ல ரப்பரில் பெரும்பகுதி அமேசான் காட்டு மரங்களின் பால்தான். நீ கேட்ட பாதையும் உண்மை. வண்டிச் சக்கரங்களின் இரைச்சல் உள்ளே கேட்காமலிருக்க, முகப்புப் பாதையில் ரப்பர் கலந்த கட்டிகளைப் பதித்தார்கள்.

ஆனால் மரம் சீவியவனுக்கு அந்த இசை கேட்டதா? காட்டில் மரங்கள் சிதறிக் கிடக்கும். ஒருவன் விடியுமுன் ஒற்றையடிப் பாதையில் மரம் மரமாகக் கீறிக்கொண்டு போய், திரும்பிவந்து பாலை எடுத்து, புகையில் காட்டிக் காட்டி உருண்டையாகத் திரட்டுவான். கத்தி, மாவு, துணி எல்லாம் முதலாளி கடையில் கடன். அந்தக் கடன் அடைபடாது. பெரு, கொலம்பியா எல்லையோரப் புத்துமாயோ பகுதியில் பழங்குடி மக்களைச் சவுக்காலும் துப்பாக்கியாலும் மிரட்டிப் பால் எடுக்க வைத்தார்கள். 1910இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை இருக்கிறது, படித்துப் பார். விதானத்து ஓவியத்தை வியக்கும் கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

வெறிச்சோடியது எப்படி என்பதில் நம்மவர்கள் வருகிறார்கள். 1876இல் ஆங்கிலேயர் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு எடுத்துப்போனார். முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில எங்கள் பேராக்கின் கோலகங்சார் ஊரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்து ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். வரிசையாய் மரம், பக்கத்திலேயே லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள், ஆள்சேர்க்கும் கங்காணி அழைத்துவந்த தமிழர்கள், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், சீவும் உளி, பால் பிடிக்கும் மங்கு. காட்டில் அலைந்து எடுக்கும் பால் இதோடு விலையில் போட்டியிட முடியவில்லை. 1910இல் உச்சத்துக்குப் போன விலை அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது. 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்கள் பிரேசிலை முந்திவிட்டன. மனாவுஸ் சீமான்கள் கப்பலேறினார்கள். ஒப்பராக் குழுக்களை அழைக்க யாருமில்லை.

மாடத்தில் அமர்ந்திருந்தவர்களின் செல்வத்தைக் குறைத்தது என் அம்மாவைப் போன்றவர்களின் பாட்டன் பாட்டிகள் சீவிய பால். அந்தச் செல்வம் அவர்கள் லயத்துக்கும் வரவில்லை. லண்டன் பங்குதாரர்களுக்குப் போயிற்று. அரங்க வரலாற்றில் இதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும் தம்பி.

கட்டடக்கலை மாணவன், கோயம்புத்தூர்

அக்கா, மிக்க நன்றி. இது எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு சந்தேகங்கள். புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோ அங்கே பாடினாரா? பிரேசில்காரர்களும் அதே மாதிரி வரிசையாக நட்டிருக்கலாமே?

தோட்டத்துப் பிள்ளை, ஈப்போ

கரூசோ மனாவுஸில் பாடவில்லை. அது வெறும் கதை.

நட்டுப் பார்த்தார்கள். 1928இல் ஹென்றி ஃபோர்டு தாபஜோஸ் ஆற்றங்கரையில் ஊரையே நிறுவி மரங்களை நெருக்கமாக வைத்தார். அமேசானுக்கே உரிய ஒரு பூஞ்சை நோய் இலைகளைக் கருக்கிவிட்டது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நின்றதால்தான் பிழைத்திருந்தன. 1945இல் ஃபோர்டு நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டது. நம் பக்கத்து மரங்கள் தழைத்ததற்கு விதையோடு அந்த நோய் வராததும் பெரிய காரணம்.

அரங்கத்தில் 1997இல் ஒப்பரா விழா தொடங்கியது. நேரில் போக வாய்த்தால் விழா நேரத்தில் போ. அதற்குமுன் கோலகங்சாருக்கு வா, அந்த மரத்தை நானே காட்டுகிறேன்.