"மெமரி போதாது" என்று வருகிறது, ஹார்ட் டிஸ்க்கில் பாதி காலியாகக் கிடக்கிறது

மாங்குளம் தட்டச்சு

வணக்கம். மாங்குளம் சந்திக்குக் கிட்ட தட்டச்சும் போட்டோகொப்பியும் செய்யும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பத்து வருடப் பழைய மடிக்கணினி. ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, விண்டோஸ் 10. காலையில் ஒழுங்காக ஓடும். ஆட்கள் வரத் தொடங்கி, வேர்ட் கோப்பு நான்கைந்து, ஸ்கான் செய்த பிடிஎப், இணையத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் என்று எல்லாவற்றையும் திறந்தவுடன் உறைந்துவிடுகிறது. மெமரி குறைவாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வருகிறது. ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் வாங்கில் காத்திருக்க, நான் சுட்டியைப் பிடித்தபடி இருக்கிறேன்.

இடம் நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பழையவற்றை அழித்தேன். இப்போது 230 ஜிபி காலி. அறிவிப்பு நிற்கவில்லை. ஒரு கடையில் மெமரியைக் கூட்ட வேண்டும் என்று கேட்டேன், 1 டிபி ஹார்ட் டிஸ்க் போடச் சொன்னார்கள். நேற்று மின்சாரம் போனது. பற்றரியும் பழுது. பன்னிரண்டு பக்கம் அடித்து வைத்திருந்த கட்டுரை போய்விட்டது. இவ்வளவு காலி இடம் இருக்க, அது ஏன் எங்கேயும் தங்கவில்லை? இந்த மாதம் ஒரு பொருள்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

விசுவமடு

முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள் அக்கா. என் தங்கையின் கணினி அப்படித்தான் சரியானது.

பரந்தன் திருத்துநர்

வேண்டாம் அக்கா, இப்போதைக்கு எதையும் புதிதாகப் போடாதீர்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கடையில் கூட்டம் உள்ள நேரம் பார்த்து, மெமரி எத்தனை வீதம், டிஸ்க் எத்தனை வீதம், ரேமின் வேகம் எவ்வளவு, எத்தனை பொருத்துமிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று எழுதுங்கள். இன்னொன்று: எதை அழித்தீர்கள்?

மாங்குளம் தட்டச்சு

மெமரி 93 வீதம். டிஸ்க் 100 வீதத்திலேயே நிற்கிறது. வேகம் 1600. இரண்டு பொருத்துமிடங்களில் ஒன்று நிரம்பியிருக்கிறது.

அழித்தது 2016இலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஸ்கான் செய்தவை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ். குப்பைத் தொட்டிக்குப் போகாமல் ஷிப்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தி நேரடியாகவே அழித்தேன். எல்லோரிடமும் மூலப் பிரதி இருக்கும் என்றுதான் நினைத்தேன். இன்று ஓர் அம்மா வந்து கேட்டபோதுதான் உறைத்தது. 2009இல் இடம்பெயர்ந்தபோது தவறியவை போக எஞ்சியிருந்ததைத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு மழையில் நனைந்தவையும் கறையான் தின்றவையும் உண்டு.

பரந்தன் திருத்துநர்

அக்கா, இதை வாசித்தவுடன் மடிக்கணினியை நிறுத்துங்கள். மீதியைக் கைத்தொலைபேசியில் வாசிக்கலாம்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே மறைவதில்லை. அந்த இடம் காலி என்று பட்டியலில் மட்டும் குறிக்கப்படுகிறது. வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை தரவு அங்கேயே கிடக்கும். ஆனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை விண்டோஸ் எதையாவது எழுதியபடியே இருக்கும். அதனால்தான் புதிதாகப் போடாதீர்கள் என்றேன். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்ட வேண்டும். மீட்கும் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்காக இருந்திருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

இனி உங்கள் கேள்வி. குழப்பம் உங்களுடையது அல்ல, சொல்லுடையது. கைத்தொலைபேசிக்கு வாங்கும் சிறிய அட்டையை மெமரி கார்ட் என்கிறோம். அது சேமிப்பகம். கணினி மெமரி குறைவு என்று சொல்வது ரேமை, அதாவது திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தை. கடைக்காரருக்கும் உங்களுக்கும் இடையில் நடந்தது அதுதான். ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமும், மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி செக்கனுக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பிப்பும் நின்றுவிடும். பன்னிரண்டு பக்கமும் போனது அப்படித்தான்.

டிஸ்க் ஏன் 100 வீதம்? ரேம் நிறைந்ததும் விண்டோஸ் அதில் உள்ளதை டிஸ்க்கில் ஒரு கோப்பில் இறக்கி வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. மடிக்கணினி டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன், அதோடு தலை நகரும் நேரமும் சேரும். ரேமுக்கு 100 நானோ செக்கன்கூட வேண்டாம். ஏறத்தாழ இலட்சம் மடங்கு வித்தியாசம். நீங்கள் சுட்டியைப் பிடித்தபடி காத்திருந்தது இதற்காகத்தான்.

முத்தையன்கட்டு ஆசிரியர்

மகள், வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கோம்பறையையும் சுளகையும் வைத்துத்தான் சொல்லுவேன். நெல் கிடப்பது கோம்பறையில், புடைப்பது சுளகில். கோம்பறை எவ்வளவு பெரிதானாலும் சுளகு கொள்வதைத்தான் புடைக்கலாம். சிறிய சுளகென்றால் எழும்பி எழும்பி நடக்க வேண்டும்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். தம்பி சொன்ன அந்தக் கோப்பு வளர டிஸ்க்கிலும் கொஞ்சம் இடம் வேண்டும். விண்டோஸ் இருக்கும் சி பிரிவு முழுதாக நிறைந்தாலும் இதே அறிவிப்பு வரும். ஆகவே இடம் பார்த்தது முழுப் பிழை அல்ல. இங்கே காரணம் அது இல்லை, அவ்வளவுதான்.

நெடுங்கேணி

நான் முதலில் எஸ்எஸ்டி போடச் சொல்லுவேன். பழைய மடிக்கணினியில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதில்தான் வரும். சாட்டா என்ற இணைப்பு வகை எஸ்எஸ்டி செக்கனுக்கு 500 எம்பி அளவில் வாசிக்கும், பழைய டிஸ்க் 100 எம்பி அளவில்.

பரந்தன் திருத்துநர்

மெமரி 50 வீதத்தில் நின்று டிஸ்க் மட்டும் 100 காட்டியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே டிஸ்க்கை ஓடவைப்பதே ரேம்தான். 4 ஜிபியை வைத்துக்கொண்டு எஸ்எஸ்டி போட்டால், இறக்கி ஏற்றும் வேலை வேகமாக நடக்கும், ஆனால் நிற்காது. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் ரேம். எஸ்எஸ்டி அடுத்தது, அதுவும் அந்த ஸ்கான்கள் கைக்கு வந்த பிறகு.

வேகம் 1600 என்பதால் உங்களுடையது டிடிஆர்3 வகை. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பிசி3எல் 12800 என்று ஒட்டியிருந்தால் அதே எழுத்துள்ளதாக, 4 ஜிபி ஒன்று கேளுங்கள். டிடிஆர்4 தந்தால் வாங்காதீர்கள். அதன் வெட்டு வேறிடத்தில் இருக்கும், பொருந்தாது.

கட்டுரைக்கும் ஒரு வழி உண்டு. வேர்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக டிஸ்க்கில் ஒரு பிரதி வைக்கும். டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்திருக்கும்போதே, முடிவில் ஏஎஸ்டி என்று இருக்கும் கோப்புகளைத் தேடுங்கள்.

மாங்குளம் தட்டச்சு

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். கட்டுரையில் பத்துப் பக்கம் கிடைத்தது. ரேம் போட்டாயிற்று. நேற்றுக் கூட்டத்திலும் மெமரி 60 வீதத்தைத் தாண்டவில்லை, டிஸ்க் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

ஸ்கான்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பெயர்கள்தான் வரவில்லை, எல்லாம் வெறும் இலக்கங்கள். இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் எழுதுகிறேன், இதுவரை நானூறுக்கு மேல். அன்று வந்த அம்மாவின் மகனுடைய பிறப்புச் சான்றிதழ் முந்தநாள் அகப்பட்டது. மடித்த கோடும், மூலையில் பரவிய மண்ணிறக் கறையும் அப்படியே தெரிகின்றன. இரண்டு பிரதி எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறார்.