முடக்கத்தானும் எலியின் வலது காலும்: மூலிகை டெஸ்ட் பண்ணினவர்கள் அனுபவம் சொல்லுங்க

எலிப்பொறி:
கராஜீனன் (எலியின் காலை வீங்க வைக்கும் ஊசி) போட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். முடக்கத்தான் எத்தனால் எக்ஸ்ட்ராக்ட் கிலோவுக்கு 200, 400 மி.கி., ஒப்பிடும் ஸ்டாண்டர்டுக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை இண்டோமெத்தசின், வழக்கம்போல வலது பின்னங்கால். மூன்றாவது மணி நேர ரீடிங்தான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. கணுக்காலில் மார்க்கரால் போட்ட கோட்டை எலி நக்கியே அழித்துவிட்டது, கோடு வரைக்கும் பாதரசத்தில் காலை முக்க வேண்டும் (எவ்வளவு பாதரசம் ஏறுகிறதோ அதுதான் வீக்கத்தின் அளவு), அது கையில் துள்ளுகிறது, வாலில் பிக்ரிக் அமில மஞ்சள் பட்டை இரண்டு, அதாவது 400 குரூப் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு நூல் மேலேயே நிறுத்திவிட்டேனோ? அப்பா பத்து வருஷமாக மூட்டுவலிக்கு அந்தக் கீரை தோசைதான் சாப்பிடுகிறார், வீக்கம் குறையணும் என்று எனக்கு ஆசை. கிராஃப் அழகாக வந்தது. வைவாவில் யாரும் கேட்கவில்லை.

கியூவெட்:
எந்த எலி எந்த குரூப் என்று தெரியாத ஆள்தான் ரீடிங் எடுக்கணும், இது பாலபாடம். உங்கள் கைடு எங்கே போனார்? எலியே வேண்டாம் என்று நான் முட்டை வெள்ளைக்கரு முறைக்குப் போனேன்; சூடாக்கினால் வெள்ளைக்கரு கலங்கும், மருந்து வேலை செய்தால் கலங்கல் குறையணும். டோஸ் கூடக் கூடக் கலங்கலும் கூடுகிறது, மருந்து வீக்கத்தை வளர்க்கிறது போல! கியூவெட்டை (ஒளி அளக்கும் கருவியில் வைக்கும் சின்னக் குப்பி) ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் கரும்பச்சை. ரீடிங் 660 நானோமீட்டரில், பச்சையம் ஒளியை உறிஞ்சுவதும் அந்தப் பக்கம்தான். வெள்ளைக்கரு சேர்க்காமல் எக்ஸ்ட்ராக்ட் மட்டும் ஊற்றி ஒரு பிளாங்க் வைத்து, அதன் ரீடிங்கைக் கழியுங்கள். ஒவ்வொரு டோஸுக்கும் தனித்தனி பிளாங்க். சோதனைக்கு முன்னாலேயே வடிகட்டுங்கள். முட்டையும் அன்றைக்கு வாங்கினதாக இருக்கட்டும்.

சாக்ஸ்லெட் சாமி:
ரெண்டு பேரும் சேஃப்டியை விட்டுட்டீங்க. கிலோவுக்கு 2000 மி.கி. வரை பாதுகாப்பானது என்று நானும் எழுதினவன்தான். அதற்கு வைத்துக்கொள்ளும் நச்சுத்தன்மை டெஸ்ட் விதி ஓஇசிடி 423 என்றால் என்ன, மூன்று மூன்றாக எலி, ஒரே ஒரு டோஸ், 14 நாள் வேடிக்கை. அதை வைத்து அப்பாவின் பத்து வருஷத்துக்கு என்ன சொல்ல முடியும்? குறைந்தது 28 நாள் தினமும் கொடுத்து ஈரல், சிறுநீரகம் பார்க்கணும். இன்னொன்று, மனித டோஸுக்கு எலி டோஸை 6.2 ஆல் வகுங்கள். 400 என்பது மனிதனுக்குக் கிலோவுக்கு 64 மி.கி. சொச்சம், 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 4 கிராம் எக்ஸ்ட்ராக்ட். எனக்கு 100 கிராம் இலைப்பொடிக்கு 9 கிராம்தான் கிடைத்தது. அப்போ தினம் நாற்பது கிராமுக்கு மேல் காய்ந்த இலை. எந்த வீட்டுத் தோசையில் அவ்வளவு போடுகிறார்கள்?

கொப்புளம்:
நான் டெஸ்ட் பண்ணினது சேராங்கொட்டை. சுத்தி செய்வதற்கு (நஞ்சை நீக்குவதற்கு) முன்னால் காம்பை நறுக்கும்போது கையுறை கிழிந்தது தெரியவில்லை. வெளுக்கப் போடும் துணிக்குக் குறி போட்ட அதே எண்ணெய்தான். மறுநாள் மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம், நீர் கோத்துக்கொண்டது. எலிக்கு முன்னால் எனக்கு வீங்கிவிட்டது.

எலிப்பொறி:
@கியூவெட், கைடு அன்றைக்கு மச்சினி கல்யாணத்துக்குப் போயிருந்தார்.