பிறவி இதயக் குறை: உங்கள் கண்ணில் முதலில் பட்டது எது?

காசிமேடு, ஒரு தந்தை:
என் மகனுக்கு அப்போது மூன்று வயது. மீன்பிடித் துறைமுக வாசலில் ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். நாவற்பழம் தின்றிருக்கிறான் என்றெண்ணிய என் தாயார், முந்தானையில் எச்சில் தொட்டு அவன் உதட்டைத் துடைத்தார், நிறம் போகவில்லை. மறுபடியும் அழுத்தித் துடைத்தார். அந்த இரண்டாவது துடைப்புதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, ஏனென்றால் அதற்குள் அவனுடைய நகங்களும் அதே நிறத்தில் இருப்பதை நான் பார்த்துவிட்டேன். ஸ்டான்லி மருத்துவமனையில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்தபோது, 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்த நாற்குறை என்றார்கள்: இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் சுருக்கம், ஓட்டையின் மேலேயே ஏறி நிற்கும் பெருந்தமனி, தடித்துப்போன வலது கீழறை. குத்துக்காலிட்டால் கால்களின் இரத்தக் குழாய்கள் மடங்கி, உடலுக்குப் போகும் பாதையில் எதிர்ப்புக் கூடி, நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் போகுமாம். யாரும் சொல்லித்தராமலே அவன் அதைக் கண்டுகொண்டிருக்கிறான்; நாங்களோ நடக்க அடம் பிடிக்கிறான் என்று திட்டியிருக்கிறோம்.

வியாசர்பாடி, ஒரு தாய்:
ஓட்டை என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவதால்தான் பதறுகிறோம். என் மகளுக்கும் கீழறைச் சுவரில்தான் ஓட்டை, ஆனால் அவள் ஒருநாளும் நீலம் பாய்ந்ததில்லை. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டியபோது, குழாயில் தண்ணீர் பீறிடுவது போன்ற இரைச்சல் கேட்டு அழுதுவிட்டேன். சின்ன ஓட்டைக்குத்தான் சத்தம் பெரிது என்றார் அவர். மூன்று வயதுக்குள் தானாகவே மூடிக்கொண்டது. எல்லோரும் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:
வியாசர்பாடிச் சகோதரி சொல்வது அவர் மகளுக்குச் சரி, பொதுவிதியாக்க வேண்டாம். என் வார்டில் ஒரு குழந்தைக்குச் சத்தம் குறைந்துகொண்டே வந்ததில் வீட்டார் மகிழ்ந்தார்கள், உண்மையில் நுரையீரல் அழுத்தம்தான் ஏறியிருந்தது. பெரிய ஓட்டையைக் காலத்தில் மூடாவிட்டால் அந்த அழுத்தம் நிலைத்துப்போய், பிறகு மூடவே முடியாத கட்டம் வந்துவிடும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, நாலு மடக்குக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவது, எடை ஏறாதது ஆகியவற்றைக் கண்டால் தோஷம் என்று கயிறு கட்டிக்கொண்டிராமல் உடனே காட்டுங்கள். நீலம் பாய்ந்தால் முழங்கால்களை மார்போடு மடக்கிப் பிடித்து, அழவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பல் சொத்தையையும் விட்டுவைக்காதீர்கள். வாய்க் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்சவ்வைத் தாக்கக்கூடும்.

காசிமேடு, மீண்டும்:
அம்மா, பல்லைப் பற்றி நான் கேட்கவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, உதடு சிவந்துவிட்டது. ஆனால் கோலி விளையாட அவன் குத்துக்காலிட்டாலும், என் தாயார் போய்க் குனிந்து முதலில் அவன் நகத்தைத்தான் பார்க்கிறார்.