ரயிலில் மலை பார்க்க எந்த ஜன்னல்?

ஸ்லீப்பரில் 7, 15, 23 என்று சைடு லோயர் கிடைத்துவிட்டால் மலைப்பக்கம் உறுதி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பெர்த் எண்ணுக்கும் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டியின் எந்த முனையை முன்னால் வைத்துக் கோத்தாலும் வண்டி ஓடும். இன்று இடப்பக்கம் வந்த 7, நாளை வலப்பக்கம் வரலாம். ஆனாலும் சைடு லோயரையே கேளுங்கள். பகலில் அது எதிரெதிரான இரண்டு ஒற்றை இருக்கை. நடைபாதைக்கு அந்தப் பக்க ஜன்னலும் ஓரளவு கண்ணில் படும். சைடு அப்பர் கிடைத்தாலும் நல்லதுதான். பகலில் கீழே எதிர் இருக்கை உங்களுடையது.

*

பெர்த் பக்கம் சொல்லாது, சரி. திசை சொல்லும். மும்பையிலிருந்து கொங்கண் பாதையில் தெற்கே போனால் சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை, இடப்பக்கம். கடல் வலப்பக்கம்தான், ஆனால் தண்டவாளம் பெரும்பாலும் உள்தள்ளியே போகிறது. அதை நம்பி வலப்பக்கம் உட்கார்ந்தால் ஏமாற்றம். காலை வெயில் மலைக்குப் பின்னாலிருந்து கண்ணில் அடிக்கும். மதியத்துக்கு மேல் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வந்ததும்தான் பச்சை துலங்கும். படம் எடுப்பதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வரும்போது சிறுமலை இடப்பக்கம், கொடைக்கானல் மலை வலப்பக்கம். அது இரட்டைப் பாதை. நம் வண்டி இடப்புறத் தடத்தில் போவதால் எதிர் வண்டி வலப்பக்கம்தான் வரும். நீளமான சரக்கு வண்டி என்றால் அது கடக்கும்வரை ஒன்றும் தெரியாது. அங்கே என் ஓட்டு சிறுமலைக்கு. திருநெல்வேலி–நாகர்கோவில் என்றால் மலைத்தொடர் வலப்பக்கம்.

*

ஊட்டி மலை ரயிலில் பக்கத்தைவிட முன்னா, பின்னா என்பதே பெரிய கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் ஏறும்போது முதல் பெட்டியின் முன்வரிசைதான் உசத்தி: எதிரே பாதை திறந்து கிடக்கும், புகையும் குறைவு. எஞ்சினை ஒட்டிய கடைசிப் பெட்டியில் புகை உள்ளே வரும். ஆனால் கல்லாறுக்கு மேல் பல்சக்கரம் பிடித்து ஏறும் சத்தத்தைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கும். அப்போது கடைசிப் பெட்டி.

46 கிலோமீட்டரில் 208 வளைவு. ஜன்னல் ஓரம் எந்தப் பக்கம் கிடைத்தாலும் உட்காருங்கள். பெஞ்சின் நடு இடம்தான் வீண். குன்னூரில் வண்டி கொஞ்ச தூரம் பின்னோக்கி நகர்ந்துவிட்டுத்தான் ஊட்டிக்கு ஏறும். திசை மாறிவிட்டதென்று பதறி அங்கே இடம் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

*

ஏசி பெட்டிக்காரர்களுக்கு ஒன்று: அது இரட்டைக் கண்ணாடி, திறக்காது. ஏறுமுன் பிளாட்பாரத்தில் நின்று உங்கள் ஜன்னலை வெளியிலிருந்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். படம் எடுக்கையில் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது.