நிலவேம்பு: சாக்ஸ்லெட்டா, ஊறவைப்பதா?

நிலவேம்புப் பொடியிலிருந்து மருந்துச் சாறு எடுக்க எது நல்ல முறை? வடசென்னையின் நாலு பகுதியிலிருந்து நாலு பேர் பேசுறாங்க.

வியாசர்பாடி:
அந்த ரெண்டு குடுவையும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. ராசப்ப செட்டி தெருவில் வாங்கின ஒரே மூட்டை நிலவேம்பு, ஒரே 95% எத்தனால், 20 கிராம் பொடிக்கு 200 மில்லி. ஒண்ணு சாக்ஸ்லெட்டில் (கொதிக்கிற கரைப்பானின் ஆவியைக் குளிரவச்சு, பொடி மேல திரும்பத் திரும்ப இறக்குற கண்ணாடிக் கருவி) 6 மணி நேரம், இன்னொண்ணு 72 மணி நேரம் ஊறல். சாக்ஸ்லெட் சாறு தார் மாதிரி கரும்பச்சை, எடையும் கூடுதல். அதுதான் ஜெயிச்சதுன்னு எல்லாரும் சொன்னாங்க. சாற்றில் எது எவ்வளவுன்னு பிரிச்சு அளக்குற எச்பிஎல்சி கருவியில் 223 நானோமீட்டர் ஒளியில் ஓட்டினா, ஒரு கிராம் சாற்றில் ஆண்ட்ரோகிராஃபோலைடு (நிலவேம்பின் முக்கிய மருந்துப்பொருள்) ஊறலில்தான் அதிகம்! மிச்ச எடையில் பெரும்பங்கு பச்சையமும் மெழுகும். சாற்று எடையை வச்சு முறையை எடைபோடாதீங்க.

ராயபுரம்:
பாதிதான் சரி. கணக்கை ஒரு கிராம் இலைக்குப் போடுங்க, சாக்ஸ்லெட் முந்தலாம். சாறு எவ்வளவு சுத்தம், இலையிலிருந்து எவ்வளவு வந்தது, ரெண்டும் வேற வேற கேள்வி. அதோட ஊறல் ஒரே தடவைதான். சாக்ஸ்லெட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கரைப்பான் இறங்குது. ஊறலையும் வடிகட்டி, புது எத்தனால் விட்டு மூணு தடவை செஞ்சாத்தான் ஒப்பீடு நியாயம். பச்சையம் தொல்லைன்னா முதல்ல பொடியை ஹெக்சேனில் (எண்ணெய்ப்பசையைக் கரைக்கிற கரைப்பான்) கழுவுங்க, ஆண்ட்ரோகிராஃபோலைடு அதில் கரைஞ்சு போகாது.

காசிமேடு:
ஈரம் பார்த்தீங்களா? கடற்காத்துல மூடாம விட்ட பொடி காலையில் கட்டிதட்டிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். 105 டிகிரியில் எடை நிலைக்கும் வரை கொஞ்சம் மாதிரியைக் காயவச்சு, ஈரத்தைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடுங்க.

பெரம்பூர்:
மே மாச மத்தியானம், கன்டென்சர் (ஆவியைத் தண்ணியால் குளிரவச்சுத் திரவமாக்குற கண்ணாடிக் குழாய்) வாயில் எத்தனால் வாசனை குப்புனு அடிச்சுது. மேல்தொட்டித் தண்ணியே கொதிக்குதே, ஆவி எங்கே ஒடுங்கும்?

யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். பக்கெட்டில் ஐஸ் போட்டு, மீன்தொட்டிப் பம்பு வச்சு அதே தண்ணியைச் சுத்தவிடுங்க. உப்பு போர் தண்ணி வேணாம், கண்ணாடிக்குள்ள படிஞ்சு குளிர்ச்சியைத் தடுக்கும். அடுப்புத் தீ கூடவே கூடாது, ஹீட்டிங் மேன்டில்தான் (குடுவையைச் சுத்தி வைக்கிற மின்சூடேற்றி). பொடி மாவு மாதிரி இருந்தா கரைப்பான் இறங்காது. கொஞ்சம் கொரகொரப்பா அரைங்க. திம்பிளில் (பொடியைப் போடுற தடிமனான காகித உறை) பொடி சைஃபன் வளைவுக்கு (சாற்றைக் கீழே குடுவைக்கு இறக்குற குழாயின் வளைவு) கீழேயே நிக்கணும், மேலே பஞ்சு. மருந்துப்பொருள் சூட்டில் கெடுதுன்னா அது திம்பிளில் இல்லை, கீழே குடுவையில் மணிக்கணக்காக் கொதிக்கிற சாற்றில். கொதி சீரா இருக்க, குடுவையில் பீங்கான் துண்டு முன்னாடியே போடணும். மறந்துட்டா, அணைச்சு ஆறவிட்டுப் போடுங்க. சூட்டோட போட்டா மொத்தமும் பொங்கி வெளியே வரும்.