பொரி வல்லூற்றின் பாய்ச்சலும் மீட்சியும்: இரண்டு ஐயங்கள்

நாணல்காடு (கேள்வி):

வணக்கம். பொரி வல்லூறு பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘உலகிலேயே வேகமான பறவை’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. மணிக்கு 389 கி.மீ. என்ற எண்ணைப் பல இடங்களில் காண்கிறேன். அது எப்படி அளக்கப்பட்டது, இயற்கையில் வாழும் பறவை உண்மையிலேயே அந்த வேகத்தில்தான் வேட்டையாடுகிறதா என்பதை யாரும் விளக்கக் காணோம். அத்தனை வேகத்தில் வரும் பறவை, கடைசி நொடியில் சட்டென்று விலகும் புறாவை எப்படிப் பிடிக்கிறது என்பதே என் முதல் ஐயம். இரண்டாவது, அமெரிக்காவில் ஏறக்குறைய அழிந்துபோன இந்தப் பறவையைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து மீட்டார்கள் என்று படித்தேன். மீட்சிக்கு அது மட்டும்தான் காரணமா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாறைமுகடு:

389 அளக்கப்பட்ட எண்தான். ஆனால், அளந்த சூழ்நிலையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்வது முறையன்று. அமெரிக்க விமானியும் வான்குதிப்பு வீரருமான கென் ஃபிராங்க்ளின், தாம் பழக்கிய ஃபிரைட்ஃபுல் என்ற பெண் வல்லூற்றை விமானத்தில் ஏற்றிச் சென்று, தாமும் வெளியே குதித்து, அதைத் தம்மோடு சேர்ந்து பாயவைத்துப் பதிவு செய்த வேகம் அது. அன்றாட இரைக்காக எந்த வல்லூறும் விமானம் பறக்கும் உயரத்துக்குப் போய்க் காத்திருப்பதில்லை. ஜெர்மனியில் சுமார் 60 மீட்டர் உயரமுள்ள அணைச் சுவரை ஒட்டிப் பழக்கிய வல்லூற்றைப் பாயவிட்டுக் கேமராக்களால் பதிவு செய்த ஆய்வில், உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அளவில்தான் இருந்தது. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அதற்கேற்பத்தான் வேகம், 300 கி.மீ.யைத் தாண்டும் பாய்ச்சலுக்கு நெடிய இறக்கம் வேண்டும்.

சமமட்டத்தில் பறக்கும்போது நல்ல பந்தயப் புறா இந்தப் பறவைக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் வல்லூறு முதலில் உயரத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அதை வேகமாக மாற்றுகிறது. பாயத் தொடங்கும்போது இறக்கைகளைப் பாதி மடிக்கும். வேகம் ஏற ஏற அவற்றை உடலோடு இறுக்கிக்கொள்ளும். இரையைக் காலால் அறைந்து வீழ்த்திய பிறகு, மேல் அலகின் ஓரத்தில் உள்ள பல் போன்ற நீட்சியால் கழுத்தெலும்பைக் கடித்து முறிக்கும்.

தொடுவானம்:

விலகும் இரையை எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் வான்ஸ் டக்கர் 2000ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். வல்லூற்றின் ஒவ்வொரு கண்ணிலும் கூர்ந்து பார்ப்பதற்கென இரண்டு குழிகள் விழித்திரையில் உள்ளன. அவற்றுள் ஆழமானது நேர்முன்னே பார்ப்பதில்லை, ஏறத்தாழ 40 பாகை பக்கவாட்டில் பார்க்கிறது. தொலைவிலுள்ள இரையை அந்தக் குழியால் பார்க்கத் தலையைத் திருப்பினால் காற்றின் தடை கூடி வேகம் குறையும். ஆகவே தலையை நேராக வைத்துக்கொண்டு, இரையை ஒரு பக்கமாகவே பார்த்தபடி சுருள்பாதையில் நெருங்குவது லாபம் என்றார் அவர்.

2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழக்கிய வல்லூறுகளின் முதுகில் ஜி.பி.எஸ். கருவியும் சிறு கேமராவும் பொருத்தி, போலி இரையைத் துரத்தவிட்டுப் பாதைகளைக் கணக்கிட்டார்கள். ஏவுகணைகளை வழிநடத்தும் விதியோடு அவை பொருந்தி வந்தன. சாலையைக் கடக்கையில் பக்கவாட்டிலிருந்து வரும் வண்டி நம் பார்வையில் ஒரே கோணத்திலேயே நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறது என்று புரிந்துகொள்கிறோம் அல்லவா, வல்லூறு வேண்டுமென்றே தேடிக்கொள்வது அந்த நிலையைத்தான். இரையை நோக்கிய பார்வைக்கோடு எவ்வளவு திரும்புகிறதோ, அதைப் போல ஒரு குறிப்பிட்ட மடங்கு தன் பாதையைத் திருப்புகிறது. இரையின் வேகத்தையோ தூரத்தையோ தனியாகக் கணிக்க வேண்டிய தேவையே இதில் இல்லை.

வேகம் கூடினால் திரும்புவது கடினமாகும் என்று நாம் எண்ணுகிறோம். 2018இல் வெளிவந்த கணினி உருவகப்படுத்தல் இதற்கு மாறாகச் சொல்கிறது: வேகம் கூடும்போது இறக்கைகள் உண்டாக்கக்கூடிய விசையும் கூடுவதால், விலகி ஓடும் இரையைத் தொடர்ந்து வளைய உயரத்திலிருந்து வரும் பறவைக்கே அதிக வலு கிடைக்கிறது. ஆனால், குறி சற்றே பிசகினாலும் எல்லாம் போயிற்று. என்னைக் கேட்டால், 389 என்ற எண்ணைவிட இந்தக் கட்டுப்பாடுதான் வியப்புக்குரியது.

நாணல்காடு:

மிக்க நன்றி. முதல் ஐயம் தீர்ந்தது. இரண்டாவதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டுகிறேன்.

பாறைமுகடு:

கதை பிரிட்டனில் ஒரு புகாரோடு தொடங்குகிறது. வல்லூறுகள் பெருகிப் பந்தயப் புறாக்களைத் தின்றுவிடுகின்றன என்று புறா வளர்ப்போர் முறையிட்டதால், 1961இல் இயற்கை ஆய்வாளர் டெரிக் ராட்கிளிஃப் தலைமையில் கணக்கெடுப்பு தொடங்கியது. கிடைத்த முடிவு நேர்மாறாக இருந்தது. கூடுகள் பல காலியாகிக் கிடந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதை ராட்கிளிஃப் ஏற்கெனவே கவனித்திருந்தார். முட்டை சேகரிப்போரின் பழைய பெட்டிகளைத் தேடிப்போய், உள்ளீடு நீக்கப்பட்ட ஓடுகளை நிறுத்தும் அளந்தும் பார்த்தபோது, 1947ஐ ஒட்டி ஓட்டின் எடை திடீரென்று குறைந்திருப்பது தெரிந்தது. அதை 1967இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பரவலாகத் தெளிக்கப்பட்ட காலம் அது. பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், அதிலிருந்து வல்லூற்றுக்கும் போகப் போக நஞ்சு செறிந்தது. அது சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ., ஓட்டுக்குக் கால்சியம் போய்ச் சேருவதைத் தடுத்தது. அடைகாக்கும் தாயின் எடையையே தாங்காமல் முட்டைகள் நொறுங்கின.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1960களின் நடுப்பகுதியில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இனப்பெருக்கம் செய்யும் இணை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாம் கேட் 1970இல் பெரிகிரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். வேட்டைக்கு வல்லூறு பழக்குவோரின் கைப்பக்குவம்தான் அவர்களுக்கு மூலதனம். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய் மறுபடி முட்டையிடும் என்பதைப் பயன்படுத்திக் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஐந்து வாரக் குஞ்சுகளைக் கோபுர உச்சியிலோ பாறையிலோ கம்பி முகப்புள்ள பெட்டியில் வைத்து, மனிதர் கண்ணில் படாதபடி குழாய் வழியாக இரையைப் போட்டு, சில நாட்களில் முகப்பைத் திறந்துவிட்டார்கள். பறக்கவும் வேட்டையாடவும் அவை தாமாகவே கற்றுக்கொண்டன. பாறைகளில் விட்டவற்றைப் பெரிய கொம்பு ஆந்தைகள் தின்றுவிட்டதால் நகரங்களுக்கும் கோபுரங்களுக்கும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. 1983 முதல் நியூயார்க் பாலங்களில் அவை கூடு கட்டுகின்றன. 1999 ஆகஸ்டில் அழிநிலைப் பட்டியலிலிருந்து இப்பறவை நீக்கப்பட்டது.

கூடலூரான்:

பாறைமுகடு ஐயா எழுதியதில் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று. டி.டி.டி.யை அமெரிக்கா 1972இல் தடை செய்யாமல் இருந்திருந்தால், விடுவிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பறவைகளும் உடைகிற முட்டைகளைத்தான் இட்டிருக்கும். இதற்குப் பிரிட்டனே சான்று. அங்கே விதைகளுக்குப் பூசிய ஆல்ட்ரின், டையெல்ட்ரின் ஆகிய பூச்சிக்கொல்லிகள் தாய்ப்பறவைகளையே கொன்றன; 1962 முதல் அவற்றின் பயன்பாடு படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் எஞ்சியிருந்த பறவைகளிலிருந்து, அமெரிக்காவைப் போன்ற பெரிய விடுவிப்புத் திட்டம் எதுவும் இல்லாமலேயே எண்ணிக்கை மீண்டது. 2014 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,769 இணைகள் மதிப்பிடப்பட்டன. எனவே நஞ்சை நிறுத்தியதே மீட்சிக்கு அடிப்படை. கூண்டு இனப்பெருக்கம், தாய்மரபு முற்றிலும் அற்றுப்போன இடத்தை நிரப்பியது. அங்கும் நிரப்பியது பழைய கிழக்கு அமெரிக்க மரபு அன்று. ஸ்பெயின், ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா உள்ளிட்ட பல இடங்களின் உள்ளினங்கள் கலந்த பறவைகளே இன்று அந்தப் பாலங்களில் கூடு கட்டுகின்றன. இதை அந்நாளில் குறை சொன்னவர்களும் உண்டு. வெற்றுப் பாறையைவிடக் கலப்பு வல்லூறு மேல் என்பதே என் கருத்து.

தொடுவானம்:

கூடலூரான் சொன்னதை ஏற்கிறேன். ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். நம் பக்கத்து மலைப்பாறைகளிலும் இலங்கையின் சிகிரியாவிலும் கூடு கட்டும் ஷாஹீன் வல்லூறு இதே இனத்தின் உள்ளினந்தான். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்பறவை இருக்கிறது. கூட்டைக் காணும் நண்பர்கள் இடத்தைப் பொதுவில் எழுத வேண்டாம். படம் எடுப்போர் கூட்டம் கூடினால் தாய் முட்டையை விட்டு எழுந்துவிடும். வெற்றுப் பாறையில் கிடக்கும் முட்டைக்கு வெயிலைத் தாங்கும் மறைவு ஏதும் கிடையாது.