ஏ மைனர்ல ஜி ஷார்ப் எங்கருந்து வருது? மூணு மைனர் ஸ்கேல் எதுக்கு?

கீபோர்டு_புதுசு:
கிரேடு எக்ஸாமுக்கு நேச்சுரல் மைனர், ஹார்மோனிக் மைனர், மெலோடிக் மைனர்னு மூணும் வாசிக்கணுமாம். வெரல் ஓடுது, ஆனா எதுக்கு வாசிக்கிறேன்னுதான் தெரியல. ஏ மைனருக்கு ஷார்ப்பே கிடையாதுன்னு புக்குல இருக்கு, பக்கத்த திருப்பினா பீஸ்ல ஜி ஷார்ப் வந்து நிக்குது. சி மேஜர், ஏ மைனர், டி டோரியன் (டி-ல ஆரம்பிச்சு வாசிக்கிற ஸ்கேல்) எல்லாமே அதே வெள்ளக் கட்டதானே, அப்பறம் எதுக்கு ஆளுக்கொரு பேரு? மாஸ்டர கேட்டா "மொதல்ல வாசி, போகப் போக புரியும்"ங்கிறார்.

கார்டு_பைத்தியம்:
ப்ரோ, மூணு ஸ்கேல்னு நெனக்கிறதாலதான் குழப்பம். மைனர் ஒண்ணுதான், அதுல ஆறாவது நோட்டும் (எஃப்) ஏழாவது நோட்டும் (ஜி) எடத்துக்கு ஏத்த மாதிரி ஏறி எறங்கும், அவ்ளோதான். இப்பவே கீபோர்டுல இ மைனர் கார்டு புடிச்சு அப்படியே ஏ மைனருக்கு போங்க. போய்ச் சேரும், ஆனா ஒரு அழுத்தம் இருக்காது. இப்ப அதே இ கார்டுல நடு வெரல மட்டும் ஜி-ல இருந்து ஜி ஷார்ப்புக்கு தள்ளிட்டு மறுபடி ஏ மைனருக்கு போங்க. ஜி ஷார்ப்புக்கும் ஏ-வுக்கும் நடுவுல அரை ஸ்டெப்தான் (ஒட்டின அடுத்த கட்டை), அதனால அது ஏ-வுக்கு போயே தீரணும்னு இழுக்கும். அந்த இழுப்புக்காக ஏத்தினதுதான் ஹார்மோனிக் மைனர், கார்டுக்காக வந்ததால அந்தப் பேரு. ஆனா இப்ப எஃப்-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவுல மூணு அரை ஸ்டெப் கேப் விழுந்துருச்சு, பாடுறவங்களுக்கு அந்தத் தாவல் கஷ்டம், அதனால மேல போறப்ப எஃப்-பையும் ஷார்ப் ஆக்கிட்டாங்க. அது மெலோடிக். கீழ வரும்போது ஏ-வ பாத்து இழுக்க வேண்டிய அவசியமே இல்லையே, அதான் எறங்கும்போது நேச்சுரல். ஜாஸ்காரங்க மட்டும் எறங்கும்போதும் அதே ஷார்ப்ப வச்சுக்குவாங்க.

வயலின்_மாமா:
தம்பிக்கு கர்நாடக சங்கீதம் பரிச்சயம்னா வேலை சுலபம். நேச்சுரல் மைனர் நடபைரவி, 20வது மேளம் (தாய் ராகம்). ஹார்மோனிக் 21, கீரவாணி. மெலோடிக்ல ஏறுற வரிசை 23, கௌரிமனோகரி. டோரியன் 22, கரஹரப்ரியா. பக்கத்து பக்கத்து வீடு, நாலுக்கும் தைவதமும் நிஷாதமும்தான் (த, நி) வித்தியாசம், மத்ததெல்லாம் ஒண்ணு. ஒரே வெள்ளக் கட்டைல ஆதார ஷட்ஜத்த மாத்தி மாத்தி வச்சா வேற வேற ராகம் வரும், அதுக்கு நம்ம பக்கம் கிரகபேதம்னு பேரு. சி-ய ஸ-வா வச்சா சங்கராபரணம், டி-ய வச்சா கரஹரப்ரியா, இ-ய வச்சா தோடி.

கார்டு_பைத்தியம்:
மாமா சொன்னது சரி, ஆனா அத அப்படியே புடிச்சுக்காதீங்க ப்ரோ. ஸ்வரம் ஒண்ணா இருக்கலாம், ராகம்னா கமகம் (ஸ்வரத்த அசைக்கிறது), பிடி (ராகத்த காட்டிக்குடுக்கிற ஸ்வரக் கோர்வை) எல்லாம் சேந்தது, கீபோர்டுல தோடி ஸ்வரத்த வரிசையா தட்டிட்டு தோடின்னா மாமாவே அடிக்க வருவார். இன்னொண்ணு, வெஸ்டர்ன்ல ஒரே பீஸ்ல நாலு பார்குள்ள (தாளக் கட்டத்துக்குள்ள) நேச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக் மூணும் கலந்து வரும், யாரும் ராகம் மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டாங்க.

வயலின்_மாமா:
அடிக்க மாட்டேன், எந்திரிச்சு போயிடுவேன் 😄

கீபோர்டு_புதுசு:
ஜி ஷார்ப் மேட்டர் வாசிச்சு பாத்தேன், செம! ஆனா பாட்டு கேக்கும்போது அது டோரியனா சாதா மைனரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கார்டு_பைத்தியம்:
பாட்டு எந்த நோட்ல போய் உக்காருதுன்னு மொதல்ல புடிங்க. ஏ-ன்னு வச்சுக்குவோம். டி கார்டு மேஜரா வந்து சுத்திக்கிட்டே இருந்தா டோரியன், ஏன்னா உள்ள எஃப் ஷார்ப் இருக்கு. டி மைனரா வந்தா சாதா மைனர். இ மேஜர் வந்தா ஹார்மோனிக். பி ஃப்ளாட் (பி-ய அரை ஸ்டெப் எறக்கினது) கேட்டுக்கிட்டே இருந்தா ஃப்ரிஜியன், அதாவது ரெண்டாவது நோட் எறங்கின மைனர். வீட்ல பழகறதுக்கு, இடது கைல ஏ-வ மட்டும் சுருதி மாதிரி அழுத்திக்கிட்டு வலது கைல வெள்ளக் கட்டைய வாசிங்க, அப்பறம் எஃப்-அ மட்டும் ஷார்ப் ஆக்குங்க, அப்பறம் அத விட்டுட்டு பி-ய மட்டும் ஃப்ளாட் ஆக்குங்க. சி-ல இருந்து, டி-ல இருந்துன்னு ஆரம்பிக்கிற எடத்த மட்டும் மாத்தி வாசிச்சா காதுக்கு எல்லாமே சி மேஜராத்தான் கேக்கும். டோரியன் நல்லா காதுல ஏறணும்னா ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட 'சோ வாட்' போட்டு கேளுங்க, 1959ல வந்தது, 16 பார் டி டோரியன், 8 பார் இ ஃப்ளாட் டோரியன், மறுபடி 8 பார் டி, அவ்ளோதான் மொத்தமும்.